மாசத்துக்கு நாலு புக், குலுக்கிப் போடுறது ரேண்டம்.ஆர்க்

படிக்காம அடுக்கி வச்சிருக்கிற புக்ஸ்ல அடுத்த மாசத்துக்கு எதுன்னு முடிவு பண்ண இப்ப ரேண்டம்.ஆர்க் சைட்டத்தான் யூஸ் பண்றேன், அதுல இருக்குற லிஸ்ட் ரேண்டமைசர் பத்தித்தான் இந்த ரிவியூ. வரிக்கு ஒரு புக்னு பேரெல்லாம் பேஸ்ட் பண்ணி பட்டன தட்டினா மொத்த லிஸ்ட்டையும் கலைச்சுப் போட்டு நம்பரோட திருப்பித் தருது, மேல வர்ற நாலு அந்த மாசத்துக்கு, அவ்ளோதான். லாகின் வேணாம், காசு வேணாம். எந்த தேதில எத்தன மணிக்கு குலுக்கினதுன்னு கீழயே போட்டுடுது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டா அப்புறம் நம்மகிட்டயே நாம கள்ளாட்டம் ஆட முடியாது.

சைட் பாக்க பழசா இருக்கும், பழசுதான், 1998ல டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல மேட்ஸ் ஹார்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. மத்த இடத்துல வர்ற ரேண்டம் நம்பர் பெரும்பாலும் ஃபார்முலா போட்டு வர்றது, இவங்க வளிமண்டலத்துல இருக்குற ரேடியோ இரைச்சல, அதான் ஸ்டேஷன் கிடைக்காதப்ப கொர்ர்ருனு கேக்குமே, அதப் புடிச்சு நம்பரா மாத்துறாங்க. புக் எடுக்க இவ்ளோ தேவையான்னு கேட்டா சத்தியமா தேவையில்ல. ஆனா எங்கயோ மின்னல் வெட்டினதுல இந்த நாவல் நம்ம கைக்கு வந்துச்சுன்னு நெனச்சுக்க நல்லாத்தான இருக்கு.

அதே சைட்ல இன்டீஜர் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்கு, புக்குக்கெல்லாம் நம்பர் போட்டுட்டு அங்க போயிடாதீங்க, வந்த நம்பரே திரும்ப வரும். 40 புக்ல நாலு எடுத்தா சராசரியா ஏழு மாசத்துக்கு ஒரு தடவ ஏதாவது ஒண்ணு ரிப்பீட் ஆகும். நம்பர்தான் வேணும்னா அங்கயே இருக்குற சீக்வன்ஸ் ஜெனரேட்டர் எடுங்க, அதுல ஒவ்வொரு நம்பரும் ஒரே ஒரு தடவதான் வரும். ரெண்டு டைஸ் உருட்டி கூட்டிக்கலாம்னு சிலர் சொல்றாங்க, அதுல 7க்கு 36ல ஆறு சான்ஸ், 2க்கும் 12க்கும் ஒண்ணே ஒண்ணு, ஓரத்துல இருக்குற புக்கு பாவம் அங்கயே கெடக்கும்.

இப்ப மெயின் மேட்டர். சைட் நியாயமாத்தான் குலுக்குது, கோணல் நம்ம லிஸ்ட்லதான். 40ல எட்டு புக் ஒரே ரைட்டரோடதுன்னு வைங்க, நூறு மாசம் குலுக்கினா கிட்டத்தட்ட அறுபது மாசம் அவர் வந்து உக்காந்துடுவார், அப்புறம் என்ன புதுசா படிக்கிறது. சீரிஸ்னா இன்னும் மோசம், மூணாம் பாகம் முதல்ல வந்து நிக்கும். அதனால ஒரு ரைட்டருக்கு ஒரு வரி, ஒரு சீரிஸுக்கு ஒரு வரி, அந்த வரி வந்தா வரிசைப்படி அடுத்தது. அதுக்கு மேல பக்கக் கணக்கு வேற இருக்கு, ஆயிரம் பக்கத்துல ரெண்டு ஒரே மாசத்துல விழுந்தா அந்த மாசமே காலி, குலுக்கலுக்கு நம்ம நேரம் பத்தியெல்லாம் என்ன தெரியும். நான் குண்டு, ஒல்லி, கதையில்லாததுன்னு மூணு லிஸ்ட்டா பிரிச்சுட்டேன், குண்டுல ஒண்ணு, ஒல்லில ரெண்டு, கட்டுரை வரலாறு அந்தப் பக்கம் ஒண்ணு. குலுக்கல் அப்படியே இருக்கு, மாசமும் தாங்குது.

அப்புறம் அந்த அகெய்ன் பட்டன். வந்தது புடிக்கலன்னா திரும்பத் தட்ட கை துறுதுறுங்கும், தட்டினா வேலைக்கே ஆகாது, நாமளே எடுத்த மாதிரிதான். என் ரூல், மாசத்துக்கு ஒண்ண தள்ளலாம், ஆனா தள்ளினது லிஸ்ட்ட விட்டே போயிடணும், யாருக்காவது குடுத்துடணும். குடுக்க மனசு வரலன்னா படிச்சுத்தான் ஆகணும். இந்த ரூலால லிஸ்ட்டே பாதி சுத்தமாச்சு, வாங்கினப்ப இருந்த ஆசை இப்ப இல்லாத புக் எவ்ளோ இருக்குன்னு குலுக்கினப்பதான் வெளிய வந்துச்சு.

சக்கரம் சுத்துற ஆப்ஸும் பாத்தேன், பேர் வேணாம், சுத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு விளம்பரம் வந்து குறுக்க நிக்குது. கலர்ஃபுல்லா வேணும்னா அதுக்குப் போங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். ஒண்ணு குறைச்சது ஏன்னா படிச்சு முடிச்சத நாமதான் அடிச்சுட்டு மாசாமாசம் லிஸ்ட்ட திரும்ப பேஸ்ட் பண்ணணும், நோட்ஸ் ஆப்ல மூணு லிஸ்ட்டையும் தனித்தனியா வச்சுக்கிட்டா ரெண்டு நிமிஷ வேலைதான்.