கறுப்பு கார் வைத்திருப்பவர்களே, பாலிஷ் போட்ட வண்டியைக் கடையிலிருந்து ராத்திரியில் எடுத்து வராதீர்கள்

போன ஆவணியில் மச்சானுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியைத்தான் கேட்டிருந்தார்கள். ஆறு வயதான கறுப்பு செடான். வாங்கும்போதே அப்பா சொன்னார், "கறுப்பு வேண்டாம்டா, தொடைச்சே உன் காலம் போயிடும்." நான் கேட்கவில்லை. ஷோரூமில் அது நின்ற அழகு அப்படி.

ஆறு வருஷத்தில் அந்த அழகு எங்கே போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் கார் துடைக்க ஒருவர் வருகிறார். ஒரே வாளி, ஒரே துணி, 18 கார். முதல் காரின் மண் கடைசி காரின் மேல் தேய்கிறது. அதோடு குடிக்கிற சிறுவாணித் தண்ணீரையா கார் கழுவத் தருவார்கள்? போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்ததும் வட்டம் வட்டமாக வெள்ளைத் தடம் விட்டுவிடும். வெள்ளைக் காராக இருந்தால் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் கீறல் ஒவ்வொன்றும் வெயிலைப் பிடித்துத் திருப்பி அடிக்கும். பானட்டில் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியது போல இருக்கும். கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது காருக்கு பாலிஷ் போடும் ஒரு கடைக்குப் போனேன். கோவையில்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். பளபளவென்று கண்ணாடி போட்ட கடை, கூரையில் தேன்கூடு மாதிரி எல்இடி விளக்குகள். ஓனர் பையனுக்கு முப்பது வயது இருக்கும், வாய் நிறைய 'அண்ணா'. "ஏனுங்ணா, இதெல்லாம் ஒரு கீறலுங்களா? கரெக்‌ஷன் பண்ணி மூணு வருஷ செராமிக் போட்டுட்டா புது வண்டியே தோத்துருமுங்ணா." கீறலை பாலிஷ் போட்டு எடுப்பதுதான் கரெக்‌ஷன், பெயிண்ட் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்தான் செராமிக் கோட்டிங். அப்புறம் ஒரு வித்தை காட்டினான். அங்கே நின்ற ஒரு பானட் மேல் லைட்டர் பெட்ரோலை ஊற்றிப் பற்ற வைத்தான். குப்பென்று எரிந்து அணைந்தது. துணியால் துடைத்தால் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. "9எச்சுங்ணா, வைரத்துக்கு அடுத்தது."

எனக்கும் வாய் பிளந்துதான் போனது. அப்போது தெரியாததை இப்போது சொல்கிறேன். மேலே ஊற்றிய பெட்ரோலின் ஆவிதான் எரிகிறது. சில நொடி நெருப்புக்குச் சாதாரண கம்பெனி பெயிண்ட்டும் தாங்கும், கோட்டிங்கே தேவையில்லை. அந்த 9எச் வைரக் கணக்கும் அல்ல, பென்சில் கணக்கு. பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தி இழுத்துப் பார்க்கும் சோதனையில், எந்தப் பென்சில் வரை கோடு விழவில்லை என்று சொல்வார்கள். அதில் 9எச் கடினமான முனை, அவ்வளவுதான். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலோடு இதற்குச் சம்பந்தமே கிடையாது. உண்மையான செராமிக் கோட்டிங்கூட ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தண்ணீர் ஒட்டாது, அழுக்கு சீக்கிரம் போகும், பறவை எச்சமும் உப்பும் நேராகப் பெயிண்ட்டைக் கடிக்காது. அந்த அளவில் அது நல்ல பொருள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கல் தெறித்தாலோ சாவி உரசினாலோ அது காப்பாற்றாது.

18,500 ரூபாய் பேசினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டேன். மூன்று நாள் ஆகும் என்று சொன்னவன் சனிக்கிழமை மதியமே போன் செய்தான், "ரெடியாயிருச்சுங்ணா." அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவ்வளவு கீறல் விழுந்த செடானை ஒழுங்காகக் கழுவி, ஒட்டிய அழுக்கை இழுக்கும் க்ளே கட்டியால் தேய்த்து, ஒவ்வொரு பேனலாக பாலிஷ் போட்டு எடுக்கவே ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கும். அதற்கு மேல் கோட்டிங் காய வேண்டும். நானோ, சீக்கிரம் முடித்துக் கொடுத்தானே என்று சந்தோஷப்பட்டேன்.

ராத்திரி ஏழரைக்குப் போனேன். அந்தத் தேன்கூடு விளக்கின் கீழ் வண்டி கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. என் மனைவி பானட்டில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டு, ஒரு வாரண்டி கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்து எட்டு மணி வாக்கில் மண்டபத்து வாசலில் வெயில் ஏறியது. மனைவி வழியில் ஒரு பெரியவர், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் பெயிண்டராக இருந்தவர், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "ஏனுங் மாப்ள, எவன் இதுக்கு ரப்பிங் போட்டானுங்க?" என்றார். பெருமையாகக் கடை பெயரைச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்க வைத்தார். அந்தக் கோணத்தில் பார்த்தால் பானட் முழுக்க மெஷின் ஓடிய தடம், ஈரத் தரையில் துடைப்பம் இழுத்த மாதிரி வளைவு வளைவாக. நடக்க நடக்க அதுவும் கூடவே நகர்ந்தது.

ஹோலோகிராம் என்று தொழிலில் சொல்கிறார்கள். வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு மாட்டி, கம்பவுண்ட் என்கிற முரட்டுப் பாலிஷ் பசை போட்டு ஓட்டினால் பழைய கீறல் போய்விடும், அதற்குப் பதில் இந்தத் தடம் விழும். அதற்கப்புறம் மெத்தென்ற ஃபோம் பேடும் நைஸான பாலிஷும் போட்டு, சுற்றிக்கொண்டே ஆடும் மெஷினில் இரண்டாவது முறை ஓட்டினால்தான் தடம் போகும். அந்த இரண்டாவது முறைக்குத்தான் நேரம் ஆகும். அதை விட்டுவிட்டு எண்ணெய்ப் பசை உள்ள க்ளேஸைத் தடவினால் கீறலெல்லாம் நிரம்பிக் கண்ணாடியாகத் தெரியும். ராத்திரி, கூரை விளக்கு, க்ளேஸ், மூன்றும் சேர்ந்தால் கரூர்க்காரர் கண்ணையே ஏமாற்றலாம், என் கண் எம்மாத்திரம்.

இரண்டு மாதத்தில் மழை பிடித்தது. தண்ணீர் முத்து முத்தாக உருளும் என்றானே, ஈரத் துணி போர்த்திய மாதிரி அப்படியே தட்டையாக நின்றது. நாலைந்து முறை கழுவியதில் பழைய சிலந்தி வலையும் எட்டிப் பார்த்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் இன்னொருவரிடம் போனேன். கடை கிடையாது, வீட்டு ஷெட்டில் தனி ஆளாக வேலை செய்கிறவர். எடுத்த எடுப்பில் அந்தக் கடையைத் திட்டாமல் இருந்தது எனக்குப் பிடித்தது. "உப்பு படிஞ்சாலும் கோட்டிங் மேல தண்ணி உருளாதுங்க. மொதல்ல அதை எடுத்துட்டுப் பேசுவோம்" என்று உப்புக் கறை எடுக்கும் திரவத்தைப் போட்டுக் கழுவினார். தண்ணீர் அப்போதும் உருளவில்லை. பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து, பானட்டில் ஒரு சாண் இடத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மீதிக் கீறலும் வெளியே வந்தது. காய்ந்து இறுகிய கோட்டிங் இந்தத் துடைப்புக்கெல்லாம் அசையாதாம். மூன்று வருஷ செராமிக் என்று நான் பணம் கொடுத்தது க்ளேஸுக்கு.

அதோடு முடிந்திருந்தால் பணம் போச்சு என்று விட்டிருப்பேன், இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். அவர் பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை எடுத்தார். கூரையில் 121 மைக்ரான். டிக்கியில் 118. பானட் நடுவில் 104. பானட்டின் இடது ஓரத்தில், அந்த மடிப்பு வருகிற இடத்தில், 83. முன் சக்கரத்துக்கு மேலே வரும் ஃபெண்டரில் இடது 99, வலது 116.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் அடியில் ப்ரைமர், நடுவில் கலர், மேலே கிளியர் கோட் என்று அடுக்காக இருக்கும். அந்தக் கிளியர் கோட்டைத்தான் பெயிண்ட் கடைகளில் லேக்கர் என்பார்கள். மொத்தமே 100 முதல் 150 மைக்ரான்தான் பெரும்பாலும். அதில் லேக்கர் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. வெயிலைத் தாங்குவது அந்த லேக்கர்தான். பாலிஷ் போடுவது என்றால் கீறலை மூடுவது அல்ல, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள லேக்கரைச் சீவி எடுப்பது. சீவியதைத் திரும்ப வைக்க முடியாது. மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிசாக இருக்கும். கைதேர்ந்தவர்கள் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷின் வைப்பார்கள். என் வண்டியின் இடது ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். நேர்நேராகக் கோடுகள், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டு இழுத்த தடம். கோதுமை மணி அளவுக்கு ஓர் இடத்தில் லேக்கரே இல்லை. கலர் மங்கி, சாக்பீஸ் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. அந்த மாதிரி இடத்திலிருந்துதான் நாளடைவில் வெயிலில் தோல் உரிவது போல லேக்கர் உரிய ஆரம்பிக்குமாம்.

கடைக்குப் போனேன். 'அண்ணா' எல்லாம் 'சார்' ஆகியிருந்தது. "நீங்க உப்புத் தண்ணில கழுவிருக்கீங்க சார், வாரண்டி போச்சு." மீட்டர் கணக்கைக் காட்டினால், "அது கம்பெனிலயே அப்படித்தான் வரும் சார்." இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பேனலுக்குப் பேனல் பத்து, இருபது மைக்ரான் வித்தியாசம் கம்பெனியிலிருந்தே வரக்கூடும் என்பது உண்மைதான். வேலைக்கு முன்னால் அளந்து எழுதி வாங்கியிருந்தால் அவன் வாய் திறந்திருக்க முடியாது. வாரண்டி கார்டை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். கோட்டிங் பெயர் இல்லை, பாட்டில் நம்பர் இல்லை, கடை சீல் மட்டும். பில் என்று கொடுத்த துண்டுச் சீட்டில் 'டீடெய்லிங் - 1' என்று கையால் எழுதியிருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது. மைக்ரான் கணக்குப் பார்க்கிற வேலையில் நான் வாங்கி வைத்திருந்த ஆதாரம் இவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், நானே எழுதியது. பணம் அனுப்பிய ரசீது, போன் செய்திகள், தனி ஆள் எழுதிக் கொடுத்த மீட்டர் கணக்கு எல்லாவற்றையும் இணைத்து, பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று முடித்தேன். யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன்: நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு 9,000 திருப்பித் தந்தான். மீதியைக் கேட்டு நடக்க எனக்குத் தெம்பு இல்லை, வாங்கிக்கொண்டேன். தப்புதான், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

இனி யாரிடமாவது கறுப்பு வண்டியைக் கொடுத்தால் நான் எப்படிக் கொடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை விடும்போதே என் முன்னால் ஒவ்வொரு பேனலையும் அளக்கச் சொல்வேன், மீட்டர் இல்லை என்றால் திரும்பிவிடுவேன். (பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அதற்காகச் சண்டை போட வேண்டாம்.) டிக்கி ஓரத்தில் ஒரு அடி இடத்தில் மட்டும் வேலை செய்து, ஆல்கஹாலில் துடைத்து, வெளியே வெயிலில் காட்டச் சொல்வேன். பிடித்தால்தான் மீதி. 'எல்லாக் கீறலும் போயிரும்' என்பவனை விட, 'ஆழமான நாலைந்தை விட்டுடலாம், எடுத்தா லேக்கர் போயிரும்' என்பவனை நம்புவேன். கோட்டிங் பாட்டிலின் சீலை என் முன்னால் உடைக்க வேண்டும், நம்பர் பில்லில் ஏற வேண்டும். டெலிவரி காலை பத்து மணி வெயிலில். கோட்டிங் போட்டதாகச் சொல்லிவிட்டு மறுநாளே வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுக்கிறான் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இறுகுவதற்கு ஒரு வாரம் கழுவக்கூடாது என்றுதான் உண்மையாகப் போடுகிறவர்கள் சொல்வார்கள்.

பானட்டை மொத்தமாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கரூர்க்காரரிடம் கேட்டேன். "கம்பெனி பெயிண்ட்டைச் சொரண்டாதீங்க மாப்ள. கறுப்புலயே பத்துக் கறுப்பு இருக்குது, பக்கத்து ஃபெண்டரோட சேராது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் ஏறி வந்து, அந்தக் கோதுமை மணி இடத்தில் மட்டும் சின்னத் தூரிகையால் லேக்கர் தொட்டு வைத்துவிட்டுப் போனார். பணம் வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மட்டும் கிளம்பினார். உற்றுப் பார்த்தால் தெரியும், நான் உற்றுப் பார்ப்பதில்லை. ஹோலோகிராமை அந்தத் தனி ஆள் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார், அதற்கு மேல் சீவ அவருக்கே மனசில்லை. கார் துடைக்கிறவரை நிறுத்தவில்லை. கண்ணாடியையும் சக்கரத்தையும் மட்டும் துடைக்கச் சொல்லியிருக்கிறேன், சம்பளம் பழையதுதான்.