தாண்ட்ரா போட மொட்டை மாடியா, மெஷினா?

மாம்பழ சீசனில் கூடை விலைக்கு மயங்கி வாங்கிவிடுகிறோம். இரண்டு நாள் பொறுமையாக இருக்கும் பழமெல்லாம் அப்புறம் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் கனிந்து கறுப்புப் புள்ளி விழ ஆரம்பிக்கும். ஜூஸ் போட்டு, மோர்க்குழம்பில் போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதற்கு நல்ல கதி தாண்ட்ராதான். ஆந்திராவில் மாமிடி தாண்ட்ரா என்றும் வடக்கே ஆம் பாப்பட் என்றும் விற்பது இதைத்தான். பழக்கூழை மெல்லிசாகப் பரப்பி, தண்ணீரை ஓட்டிவிட்டு, தாளாக உரித்தெடுக்க வேண்டும். எதில் காயவைப்பது என்பதில்தான் சண்டை. வெயில் ஒரு கட்சி, ஓவன் ஒரு கட்சி, காய், பழம் உலர்த்துவதற்கென்றே புதிதாக வந்த டீஹைட்ரேட்டர் மெஷின் ஒரு கட்சி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவனுக்கு என் ஓட்டு கிடையாது. நிஜமான போட்டி வெயிலுக்கும் மெஷினுக்கும்தான். அதில் யார் ஜெயிப்பார் என்பது நீங்கள் எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு சின்னக் கணக்கு. மாம்பழச் சதையில் நூற்றுக்கு 83 பங்கு தண்ணீர். ஒரு கிலோ கூழில் தண்ணீர் தவிர்த்து இருப்பது 170 கிராம்தான். தாண்ட்ராவில் கடைசியாக 15 சதவீத ஈரம் தங்கினால் போதும் என்று வைத்தால், சர்க்கரை சேர்க்காத ஒரு கிலோ கூழ் 200 கிராம் தாண்ட்ராவாகச் சுருங்கும். அதாவது 800 கிராம் தண்ணீர் ஆவியாகி வெளியே போக வேண்டும். அதற்கு வெறும் சூடு போதாது. ஆவியை வாங்கிக்கொள்ள உலர்ந்த காற்று வேண்டும், அந்தக் காற்று நிற்காமல் நகரவும் வேண்டும். இந்த மூன்றில் எதை எவ்வளவு தருகிறது என்று பார்த்தாலே மூன்று முறைகளின் குணமும் தெரிந்துவிடும்.

முதலில் வெயில். பழம் காயவைக்கக் குறைந்தது 30 டிகிரி சூடும், 60 சதவீதத்துக்குக் கீழே காற்றின் ஈரப்பதமும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்தில் சேலம், கிருஷ்ணகிரி, வேலூர், திருச்சி, மதுரைக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கத்திரி வெயிலும் மாம்பழமும் ஒன்றாகவே வருகின்றன, மொட்டை மாடியும் சும்மாதான் கிடக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி கதை வேறு. வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் போட்டிருக்கும் சட்டை காயாது. அந்தக் காற்றில் தாண்ட்ரா மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்றே நிற்கும். மூன்றாம் நாள் லேசாகப் புளித்த வாடை வரும்.

மாடியில் போடுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அடுக்குப் போடலாம். நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஒரு நூல் கனத்துக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு, கூழை ஊற்றிப் பரப்பி வையுங்கள். மேல்பக்கம் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அதன்மேலேயே அடுத்த கரண்டி. இப்படியே நாலைந்து அடுக்கு. ஆந்திராவின் கோதாவரிப் பக்கம் ஆத்ரேயபுரத்தில் பாய் விரித்து, நாள் கணக்கில் அடுக்கின்மேல் அடுக்காக ஊற்றித்தான் தாண்ட்ரா போடுகிறார்கள். வெட்டினால் குறுக்கே கோடு கோடாக அடுக்கு தெரியும். கடித்தால் பல்லுக்கு வேலை இருக்கும். நாள் முழுக்க வெயிலில் மெதுவாக நிறம் கறுத்து வருவதில் ஒரு ஆழ்ந்த சுவையும் சேர்கிறது, வெல்லம் போட்டிருந்தால் இன்னும் கூடுதலாக. யாழ்ப்பாணத்துப் பனாட்டும் இதே வழிதான். பனம்பழத்தைப் பிசைந்தெடுத்த களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து, மறுபடி ஊற்றி, கனம் ஏறும்வரை விடமாட்டார்கள். அதைப் பாணியில், அதாவது பதநீரைக் காய்ச்சிய பாகில், ஊறவைத்தால் பாணிப் பனாட்டு. மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முந்தியே பழத்தை வருஷக்கணக்குச் சாப்பாடாக மாற்றத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள்.

ஆனால் வெயிலோடு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. ஈ, எறும்பு, காக்கை, ரோட்டுத் தூசி, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களின் சிமெண்ட். மேலே பழைய வேட்டியையோ கொசுவலையையோ போர்த்தினாலும் துணி கூழில் படாமல் நாலு மூலையில் ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் எடுத்து உள்ளே வைக்க மறந்தால் பகலில் போன ஈரத்தில் கொஞ்சம் ராத்திரியில் திரும்பி வந்துவிடும். கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீட்டில் பகலில் ஆள் இருந்தால்தான் இந்த வேலை ஓடும். வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் வெயில் இலவசம் என்பது பாதி உண்மைதான்.

ஓவனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தாண்ட்ராவுக்கு வேண்டியது 60 டிகிரி. பல ஓடிஜிகளில், அதாவது மேஜைமேல் வைக்கும் மின்சார ஓவன்களில், சூட்டுக் குமிழ் தொடங்குவதே 100 டிகிரியில். அந்தச் சூட்டில் மேல்பரப்பு சட்டென்று இறுகி ஒரு பூட்டுப் போட்டுவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியே இருக்காது. ஓரம் கருகும், நடு கொழகொழக்கும். கதவில் மரக்கரண்டியைச் செருகித் திறந்து வைத்தால் சூடு குறையும், ஆவியும் போகும் என்பது உண்மைதான். ஆனால் மே மாதத்தில் சமையலறையில் கதவு திறந்த அடுப்பு ஒன்று நாள் முழுக்க எரிவதை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்தும்கூட. 60 டிகிரிக்கு இறங்கும் ஓவனிலேயே 18 மணி நேரம்வரை பிடிக்கும். அதில் விசிறியும் இருந்தால் ஒரு முறை முயலலாம், அவ்வளவுதான். ஏர் ஃப்ரையரில் இதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே என்று கேட்கலாம். சில மாடல்களில் இருக்கிறது, சூடும் சரியாகவே இறங்கும். ஆனால் ஒரு கூடைக்குள் ஒரு கிண்ணக் கூழுக்குமேல் பரப்ப இடமில்லை, மேலிருந்து அடிக்கிற காற்றில் விரித்த தாள் வேறு எழும்பிக் கூழில் மடங்கும். ருசி பார்க்க ஆகும், கூடைப் பழத்துக்கு ஆகாது.

இனி மெஷின். டீஹைட்ரேட்டர் செய்வதெல்லாம் 60 டிகிரி சூட்டைப் பிடித்து வைப்பதும், விசிறியால் காற்றை ஓட்டுவதும்தான். அதிலேயே ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தாண்ட்ரா தயார். ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கூழை ஊற்றிவிட்டுப் படுத்தால் காலைக் காப்பிக்கு உரிக்கலாம். 400 வாட் மெஷின் எட்டு மணி நேரம் நிற்காமல் எரிந்தாலும் 3.2 யூனிட்தான் ஆகிறது, தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிவதால் அதற்கும் குறையும். ஆக, மின்கட்டணத்தை வைத்து மெஷினைத் திட்ட முடியாது. திட்டுவதென்றால் சத்தத்தைச் சொல்லலாம். ராத்திரி முழுக்க விசிறி இரையும், ஹாலில் வைத்தால் தூங்க முடியாது.

வாங்குகிறவர்கள் இடறுவது ஒரே இடத்தில். மலிவாகக் கிடைக்கும் வட்ட மெஷினில் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், விசிறி அடியிலோ மேலேயோ இருக்கும். காற்று தட்டுகளின் ஓட்டைகள் வழியாக ஏறி இறங்க வேண்டும். கறிவேப்பிலைக்கும் வத்தலுக்கும் அது போதும். தாண்ட்ராவுக்கோ தட்டின்மேல் ஓட்டையில்லாத விரிப்பைப் போட்டாக வேண்டும், போட்டதும் காற்றின் வழி அடைபடுகிறது. அதனால்தான் அந்த மெஷின்களோடு நடுவில் ஓட்டை விட்ட வட்ட விரிப்பு தருகிறார்கள். அதில் வருவது வளையம் வளையமான தாண்ட்ரா, சுருட்டினால் கோணலாகத்தான் சுருளும். விசிறி பின்புறம் இருக்கும் பெட்டி மாடலில் காற்று ஒவ்வொரு தட்டின் மேலும் குறுக்காகப் போகிறது. விரிப்பு எதையும் மறைப்பதில்லை, எல்லாத் தட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காய்கின்றன, சதுரத் தாளாக உரிக்கலாம். விலை கூடுதல்தான். தாண்ட்ராவுக்காக வாங்குவதென்றால் பெட்டி மாடலையே வாங்குங்கள். வட்டத்தை வாங்கிவிட்டுப் புலம்புவதற்கு, அந்தக் காசில் மாம்பழம் வாங்கித் தின்றுவிடலாம்.

விரிப்புக்கு சிலிக்கான் ஷீட்தான் நல்லது. மெழுகுத் தாளும் அலுமினிய ஃபாயிலும் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பேக்கிங் தாள் உரியும், ஆனால் கூழின் ஈரத்தில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் தாண்ட்ராவிலும் பதியும். கூழை ஊற்றும்போது ஓரத்தில் கொஞ்சம் கனமாகவும் நடுவில் ஒரு நூலாகவும் பரப்ப வேண்டும். காய்வது ஓரத்திலிருந்து உள்நோக்கித்தான் என்பதால் சமமாகப் பரப்பினால் ஓரம் முறுகலாகி உடையும். பதம் பார்ப்பது நடுவில். விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழக்கூடாது, பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள், ஈரம் நிற்கும் இடம் திட்டாகத் தெரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே உரித்துச் சுருட்ட வேண்டும், ஆறிவிட்டால் விரிப்பை விட்டு வர அடம்பிடிக்கும்.

ருசியில் யார் ஜெயிக்கிறார்கள்? மெஷின் தாண்ட்ராவின் நிறம் மாம்பழ மஞ்சளாகவே நிற்கிறது, வாசனையும் அன்று அறுத்த பழத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. எங்கள் பெரியம்மா ஒரு துண்டை மென்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா காய்ஞ்ச ஜாம் மாதிரில்ல இருக்கு” என்றார். சரிதான். மெஷினில் வருவது மெல்லிய ஒற்றைத் தாள், மாடியில் வருவது கனமான அடுக்கு. இரண்டும் ஒரே கூழில் பிறந்த வேறு வேறு பண்டம். மெஷினிலும் அடுக்குப் போடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் எட்டு மணி நேரம் என்றால் மெஷின் வாங்கியதன் லாபம் போய்விடுகிறது. பள்ளிக்கூட டப்பாவுக்குச் சுருள் வேண்டுமென்றால் மெஷின். தாத்தா பாட்டி வீட்டு ருசி வேண்டுமென்றால் சேலத்து மாடி.

பழத்தைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். பங்கனப்பள்ளி, நீலம், செந்தூரா எதுவானாலும் நன்கு கனிந்திருக்க வேண்டும். நார்ப்பழத்தை வடிகட்டாமல் போட்டால் தாண்ட்ராவில் நூல் நூலாக வரும். சீசன் முடிவில் மலிவாக வரும் நீலத்தை நான் பரிந்துரைப்பேன், இனிப்பும் வாசனையும் கூழிலேயே இருப்பதால் சர்க்கரை அதிகம் கேட்காது. புளிப்புக் குறைந்தால் இரண்டு கப் கூழுக்கு இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நிறம் மங்காது, சுவையும் எடுப்பாகும். எந்த முறையானாலும் ஊற்றும் முன் கூழை அடுப்பில் ஒரு கொதி காட்டிவிடுங்கள், கிருமி பயம் போகும், தண்ணீரும் கொஞ்சம் குறையும்.

மாம்பழத்தைத் தாண்டினால் வெயில் கட்சி பலவீனமாகிறது. கொய்யாவில் கூழை இறுகவைக்கும் பெக்டின் அதிகம், அதனால் தாளாகப் பிடிப்பதில் மாம்பழத்தைவிடச் சமர்த்து. விதையை மட்டும் வடிகட்டிவிட வேண்டும். ஆனால் ஆயக்குடிக் கொய்யா குவியும் நேரத்தில் வெளியே வடகிழக்குப் பருவமழை. மாடியில் வைத்தால் பூஞ்சைதான் காயும். பப்பாளி வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, ஆனால் அதில் புளிப்பு மிகக் குறைவு. மெதுவாகக் காய்ந்தால் கெட்டுப்போக நேரம் கொடுக்கிறோம் என்று அர்த்தம். எலுமிச்சை சேர்த்து மெஷினில் போடுவதே உத்தமம். வாழைப்பழம் இரண்டிலும் கறுக்கும், ருசி நன்றாக இருந்தாலும் பார்க்கச் சகிக்காது. மாம்பழக் கூழில் கால் பங்கு கலந்தால் தெரியாது.

மே மாதம் ஒரு கூடை மாம்பழம் மட்டும்தான், அதுவும் உள்மாவட்டத்தில் என்றால் மெஷினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, தக்காளி, வத்தல் என்று வருஷம் முழுக்க ஏதாவது காயவைக்கிற வீடு, அல்லது மாடியே இல்லாத ஃபிளாட் என்றால் கணக்கு மெஷின் பக்கம் சாயும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதே நடைமுறை: காலையிலேயே மாடியில் வைத்து, கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும் முன்னே இறக்கி மிச்சத்தை மெஷினில் முடிப்பது. தட்டிலிருந்து பாதி காய்ந்ததை உரித்து மாற்றுவது கஷ்டம் என்பதால் முதலிலேயே மெஷினின் விரிப்பில் ஊற்றி, அதை அப்படியே மாடிக்குத் தூக்கிப் போங்கள்.

எடுத்து வைப்பதில் இரண்டுக்கும் ஒரே விதி. பட்டர் பேப்பரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வெளியே ஒரு மாதம்வரை தாங்கும். நம் ஊர் ஈரத்துக்கு ஃப்ரிட்ஜே மேல். ஃப்ரீசரில் ஒரு வருஷம்கூட இருக்கும். ரொம்ப நாள் வைக்கப்போவதாக இருந்தால் சர்க்கரைக்குப் பதில் தேன் சேருங்கள். சர்க்கரை நாளடைவில் மணல்மணலாகப் பூத்துவிடும், தேன் பூக்காது.