பாஸ்டன் படமா, பாரிஸ் படமா?

அமெரிக்கப் புரட்சிக்கு ஒன்று, பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒன்று என்று இரண்டு பிரச்சாரப் படங்கள். எது மேல்? 1770 மார்ச் 5 இரவு, அமெரிக்காவில் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சில வாரங்களில் அந்த ஊர் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் செதுக்கிய செப்புத்தகட்டுப் படம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஓவியர் ஹென்றி பெல்ஹாமின் படத்தைப் பார்த்து, அவரைக் கேட்காமலே போட்டது அது! பனிக்கட்டியும் தடியும் வீசிய கூட்டம் அதில் சாதுவாக நிற்கிறது. சிப்பாய்களின் தலைவர் கேப்டன் பிரெஸ்டன் வாளை உயர்த்திச் சுட உத்தரவிடுகிறார். சிப்பாய்களின் தலைக்கு மேல் ‘கசாப்புக்கூடம்’ என்று பலகை வேறு. வழக்கில் பிரெஸ்டன் விடுதலையானார். ஆனால் படம் போட்ட தீர்ப்பு வேறு.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இன் பாரிஸ் படம் செய்தி சொல்வதாக நடிப்பதே இல்லை. கூன் விழுந்த கிழ விவசாயி பாதிரியாரையும் பிரபுவையும் முதுகில் சுமக்கிறான். முயல்கள் அவன் பயிரை மேய்கின்றன. வேட்டை பிரபுக்களின் உரிமை, அவன் அவற்றைத் தொடக்கூடாது. எழுத்தறியாதவனுக்கும் இது சட்டென்று புரியும்.

உடனடிக் கோபத்தைக் கிளப்ப ரெவியர் படம்தான் சரி. ஆனால் என் ஓட்டு பாரிஸுக்கே: அது யாரையும் பொய்க்குற்றவாளி ஆக்கவில்லை. அப்புறம், அதற்கு ஜோடியாக வந்த படத்தில் விவசாயி பிரபுவின் முதுகில் ஏறிவிடுகிறான்.