ஃபுஸ்தாத்தில் அரைநாள்: ஒரு வழிகாட்டிச் சுற்றுலா பற்றி

நபிகள் நாயகம் 632இல் மறைந்து பத்தாண்டு நிறைவதற்குள் எகிப்து மதீனாவின் ஆட்சிக்குள் வந்த கதையை, அது நடந்த மண்ணிலேயே நின்று கேட்க வேண்டும் என்ற ஆசையில், எகிப்தில் முஸ்லிம்கள் அமைத்த முதல் தலைநகரான ஃபுஸ்தாத் இருந்த பழைய கெய்ரோவைச் சுற்றிக்காட்டும் அரைநாள் வழிகாட்டிச் சேவை ஒன்றுக்கு முன்பதிவு செய்திருந்தேன். குழுவில் எட்டுப் பேர். நான்கு மணி நேரம்.

முதல் ஒரு மணி நேரத்திற்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்திற்கு எதிரே நிற்கும் வட்டமான ரோமானியக் கோபுரம் பாபிலோன் கோட்டையின் (இராக்கின் பாபிலோன் அல்ல) எச்சம். 639இன் இறுதியில் ஏறத்தாழ நாலாயிரம் வீரர்களுடன் எகிப்துக்குள் நுழைந்த அரபுத் தளபதி அம்ர் இப்னு அல்ஆஸ், மதீனாவிலிருந்து ஆண்ட கலீஃபா உமர் அனுப்பிய துணைப்படை வந்து சேர்ந்த பிறகு, 640இல் ஹெலியோபோலிஸில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) படையை வென்று, இந்தக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, 641 ஏப்ரலில் கைப்பற்றினார். இன்று மேற்கே விலகிவிட்ட நைல் அன்று மதிலை ஒட்டியே ஓடியது என்பதை வழிகாட்டி கையால் காட்டி விளக்கியபோது, முற்றுகை ஏன் அவ்வளவு நீண்டது என்பது தானாகவே விளங்கியது.

அங்கிருந்து நடந்து சென்ற அம்ர் பள்ளிவாசலில்தான் சறுக்கல் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல் என்று அறிமுகப்படுத்திவிட்டு வழிகாட்டி ஒதுங்கிக்கொண்டதால், குழுவில் இருந்தவர்கள் பளிங்குத் தூண் ஒவ்வொன்றையும் அம்ர் காலத்ததாக நினைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்ர் எழுப்பியதோ பேரீச்ச மரத்தண்டுகளைத் தூண்களாக நிறுத்திய, மினாரா இல்லாத சிறிய கூடம். 673இல் விரிவாக்கப்பட்டு, 827இல் ஏறத்தாழ இன்றைய பரப்பை எட்டி, பின்னரும் பலமுறை திருப்பிக் கட்டப்பட்ட இடத்தில் முதல் கட்டடத்தின் கல் ஒன்றைக்கூடக் காண முடியாது.

இதைவிடப் பெரிய குறை, "வெற்றிக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் நாடே இஸ்லாத்தைத் தழுவியது" என்று வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்தது. ஆட்சி மாறிய வேகத்தில் மார்க்கம் மாறவில்லை. முஸ்லிமல்லாதோருக்கான ஜிஸ்யா வரியைச் செலுத்திய கிப்திகள் (எகிப்தியக் கிறிஸ்தவர்கள்) தங்கள் தேவாலயங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். பைசாந்திய அரசுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்ந்த அவர்களுடைய தலைமை ஆயர் பெஞ்சமின், அம்ர் அளித்த பாதுகாப்பில் அலெக்சாந்திரியா திரும்பினார். மொழியும் உடனே மாறவில்லை: படைக்கு அளித்த 65 ஆடுகளுக்காக 643இல் எழுதப்பட்ட ரசீது ஒன்று கிரேக்க மொழியிலும் அரபியிலுமாக இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் அரபி நிலைபெற எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆயிற்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையானது அதற்கும் நூற்றாண்டுகள் கழித்து. வழிபாடு நடக்கும் கிப்தித் தேவாலயம் ஒன்றுக்குள் சற்றுமுன் எங்களை அழைத்துப்போனவரே இப்படிச் சொன்னதுதான் வியப்பு.

இதற்கெல்லாம் விடை சொல்லக்கூடிய இடம் பள்ளிவாசலுக்குப் பின்புறம் கிடக்கும் ஃபுஸ்தாத் இடிபாடுகள். இராக்கின் பஸ்ராவையும் கூஃபாவையும் போல இதுவும் படைவீரர்களுக்கென்றே உருவான ஊர். கோத்திரம் கோத்திரமாக மனை பிரித்துக் குடியேற்றப்பட்ட அரபுகள் உள்ளூர் உழவர்களிடமிருந்து தள்ளியே வாழ்ந்ததால், மார்க்கம் கிராமங்களைச் சென்றடையத் தலைமுறைகள் பிடித்தன. வழிகாட்டி அந்த இடத்தை வண்டிக்குள் இருந்தபடியே விரலால் சுட்டிக்காட்டினார். அதற்குரிய நாற்பது நிமிடங்களை அத்தர் கடை ஒன்று விழுங்கிக்கொண்டது. நானும் ஒரு புட்டி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோட்டைப் பகுதிக்காக மட்டும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க இயலாது. முன்பதிவின்போதே கடைக்குப் பதிலாக இடிபாடுகள் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கேட்பவர்களுக்கு மாற்றித் தருவதுண்டு என்று எங்கள் வழிகாட்டியே, விடைபெறும் நேரத்தில், ஒப்புக்கொண்டார்.