மூன்று வருகை அட்டைகள்: சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டோடு ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் இறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய சீட்டு இப்போது இணையத்துக்குப் போய்விட்டது. சிங்கப்பூர் 2020 மார்ச்சில் மாறியது. மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். தாய்லாந்து 2025 மே 1 முதல் டிஎம்6 தாளுக்குப் பதிலாக டிடிஏசி என்ற மின் அட்டையைக் கொண்டுவந்தது. மூன்றும் இலவசம். மூன்றும் விசா அல்ல; விசா வேண்டியவர் அதைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

எந்தத் தளம் பார்க்க அழகு என்பது இங்கே கேள்வி இல்லை. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டே பழகிய ஒருவர் இந்தப் படிவங்களில் எங்கே தடுக்குகிறார் என்பதுதான் கேள்வி.

இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் நம் ஊர் பாஸ்போர்ட்டுகள் மூன்று விதமாக இருக்கின்றன. சர்நேம் வரியில் கந்தசாமி, கிவன் நேம் வரியில் முருகன் என்பது ஒன்று. சர்நேம் காலியாக, கிவன் நேமில் 'முருகன் கந்தசாமி' என்று சேர்ந்து இருப்பது இன்னொன்று. வெறும் 'முருகன்' மட்டும் இருப்பது மூன்றாவது. முதல் வகைக்காரருக்கு எங்கும் சிக்கல் இல்லை.

சிங்கப்பூரும் மலேசியாவும் பெயருக்கு ஒரே கட்டம் வைத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரை அப்படியே போட்டால் முடிந்தது. இந்த ஒரு விஷயத்திலேயே இரண்டும் தாய்லாந்தை முந்திவிடுகின்றன. சிங்கப்பூருக்கு விசாவோடு போகிறவர்கள் விசாத் தாளில் அச்சாகியிருக்கும் வரிசையிலேயே பெயரை எழுதுவது நல்லது.

டிடிஏசியில் குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் என மூன்று கட்டங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் நடுப்பெயர் என்ற வரியே கிடையாது. ஆனாலும் காலிக் கட்டத்தைக் கண்டதும் 'முருகன்' முதல் பெயர், 'கந்தசாமி' நடுப்பெயர் என்று பிரித்துப் போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கிவன் நேம் வரியில் இருப்பது முழுவதும் முதல் பெயர்க் கட்டத்துக்குப் போக வேண்டும், நடுப்பெயரைக் காலியாக விட வேண்டும். சர்நேம் இல்லாதவர் அப்பா பெயரைப் பிய்த்துக் குடும்பப் பெயராக்கக் கூடாது. பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை ஏற்றினால் தளமே விவரங்களை நிரப்பிக்கொள்ளும் வசதியும் உண்டு. அது அடியில் உள்ள இரண்டு வரிக் குறியீட்டைப் படிக்கிறது. படித்த பிறகு பெயரை மட்டுமாவது ஒருமுறை சரிபாருங்கள்.

அந்தக் குறியீட்டுக்கு உலகம் முழுக்க ஒரே விதி: சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 9303ஆம் ஆவணம். வரிக்கு 44 எழுத்து. அதில் பெயருக்கு 39 இடம். முதலில் குடும்பப் பெயர், இரண்டு அம்புக்குறி, பிறகு சொந்தப் பெயர். பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுவதையும் முதல் பகுதியிலேயே போடச் சொல்கிறது விதி. ஆக, ஒற்றைப் பெயர் தரத்துக்குப் புறம்பானது இல்லை. அதன் மேல் கட்டிய மென்பொருள்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை. அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுவதும், 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தியதும் இதே நோயின் அறிகுறிகள்.

விமான டிக்கெட்டைப் பார்த்துப் பெயரை நிரப்பக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். டிக்கெட் அமைப்பு இரண்டு பெயர் கேட்பதால், ஒற்றைப் பெயர்க்காரருக்கு ஒரே பெயரை இரண்டு முறை அடித்திருப்பார்கள், அல்லது 'மிஸ்டர்' பெயரோடு ஒட்டியிருக்கும். அதை அட்டையில் ஏற்றினால் அட்டையும் பாஸ்போர்ட்டும் வேறு வேறு ஆளாகிவிடும்.

அடுத்தது பாஸ்போர்ட் எண். இங்கே கையால் நிரப்பும் படிவங்களின் பெரிய ஓட்டை இருக்கிறது. குறியீட்டின் இரண்டாம் வரியில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. கே1234567 என்ற கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு மதிப்பு உண்டு: ஏ 10, பி 11 என்று போனால் கே 20. இலக்கங்களை வரிசையாக 7, 3, 1 என்று திரும்பத் திரும்பப் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 140, 3, 2, 21, 12, 5, 42, 21, மொத்தம் 246. கடைசி இலக்கம் 6, அதுதான் சரிபார்ப்பு எண். கடைசி இரண்டை மாற்றி 76 என்று அடித்தால் கூட்டுத்தொகை 250, இலக்கம் 0. தப்பு உடனே பிடிபடும். (ஒரு விதிவிலக்கு: பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் சரியாக 5 என்றால், 1, 6 மாதிரி, இடம் மாறியது இந்தக் கணக்குக்குத் தெரியாது.)

படிவங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கின்றன, இந்த ஒற்றை இலக்கத்தைக் கேட்பதில்லை. அதனால் தப்பாக அடித்த எண்ணையும் தளம் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறது, உறுதி மின்னஞ்சலும் அனுப்புகிறது. கவுண்டரில் பாஸ்போர்ட்டை வைத்த பிறகுதான் 'அட்டை இல்லையே' என்பார்கள். ஒரே ஒரு கட்டம் கூடுதலாக வைத்தால் தீரக்கூடிய விஷயம். அதுவரை நமக்கு ஒரு எளிய சோதனை: இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். முதல் இடத்தைத் தவிர வேறெங்கு வட்டமாகத் தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், 'ஓ' அல்ல.

தப்பாகிவிட்டால்? டிடிஏசியில் பயண விவரங்களைத் திருத்தலாம். பெயர், பாஸ்போர்ட் எண், நாட்டுரிமை, பிறந்த தேதி ஆகியவற்றைத் திருத்த முடியாது, புது அட்டை போட வேண்டும். மலேசிய அட்டையில் திருத்தத்துக்கு மெனக்கெடாமல் புதிதாக நிரப்பிவிடுவது மேல்.

தேதியில் நம் ஊர்ப் பயணிகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. சென்னையிலிருந்து இரவு 11:30க்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6 மணி சுமாருக்கு இறங்கும். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் பெரிதாக அச்சாகியிருப்பது கிளம்பும் தேதி. அட்டை கேட்பதோ இறங்கும் தேதி. மூன்று தளமும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் அட்டையை ஏற்கும்; அந்தக் கணக்கையும் இறங்கும் நாட்டுத் தேதியிலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும். 15ஆம் தேதி இறங்குகிறவர் 13ஆம் தேதி உட்கார்ந்து நிரப்பினால் மூன்று தளமும் ஏற்கும். ஒரு வாரம் முன்பே முடித்துவைக்க நினைக்கிறவர்களைத் தளம் உள்ளேயே விடாது.

கோலாலம்பூரில் மாறி பாங்காக் போகிறவர் டிடிஏசியில் கடைசி விமானத்தின் எண்ணைப் போட வேண்டும், ஏறிய நாடு மலேசியா. மலேசிய அட்டை வேண்டுமா என்பது டிக்கெட்டைப் பொறுத்தது. ஒரே டிக்கெட்டாக, வெளியே வராமல் மாறினால் வேண்டாம். தனித்தனி மலிவு டிக்கெட் எடுத்துப் பெட்டியை வாங்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தால் இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும், எனவே அட்டையும் வேண்டும்.

மலேசியப் படிவத்தில் நேரம் பிடிப்பது தங்குமிடம். மாநிலம், ஊர், அஞ்சல் குறியீடு மூன்றும் கேட்கும். ஹோட்டல் முகவரியை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மின்னஞ்சலை இரண்டு முறை அடிக்கச் சொல்வது தொல்லையாகத் தெரிந்தாலும் காரணத்தோடுதான்: பதிவைச் சரிபார்க்கும் 'பின்' (PIN) எண் அந்த முகவரிக்குத்தான் வருகிறது. இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருப்பதால் அட்டையும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தேவை. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருந்துகொண்டு வார இறுதியில் ஜொகூர் போகும் இந்தியருக்கும் தேவை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் விலக்கு. பேருந்தில் போனால் பயண முறையில் 'தரைவழி' என்று மாற்ற மறக்க வேண்டாம். சுற்றுலாப் பயணி அங்கிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பினால், ஒவ்வொரு நுழைவுக்கும் புது சிங்கப்பூர் அட்டை போட வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு டிடிஏசி வசதி. ஒரே அமர்வில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம்.

தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் இந்த இலவச அட்டைக்குப் பணம் கேட்கும். முகவரியின் வாலைப் பாருங்கள்: சிங்கப்பூர் 'ஜிஓவி.எஸ்ஜி', மலேசியா 'ஜிஓவி.எம்ஒய்', தாய்லாந்து 'ஜிஓ.டிஎச்'. கார்டு எண் கேட்கும் பக்கம் வந்தால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூன்றில் சிங்கப்பூருக்கே முதலிடம். நிரப்ப எளிது என்பதோடு, அட்டையின் வேலை இறங்கியதோடு முடியாமல் தொடர்வதும் அதற்குக் காரணம். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம், கடைசி நாள் எது என்ற விவரம் மின் அனுமதியாக, அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வருகிறது. டிராவல் ஏஜெண்ட் தன் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பியிருந்தால் அது அவருக்குத்தான் போகும். உங்கள் முகவரியைப் போடச் சொல்லுங்கள். கவுண்டரைத் தாண்டியதும் அந்த மின்னஞ்சலைத் திறந்து கடைசி நாளைத் திரும்பும் டிக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள். வந்து சேரவில்லை என்றால் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே மின் அனுமதியைத் தேடிப் பார்க்கும் பக்கம் இருக்கிறது.