காய்த்து ஓய்ந்த கத்தரி: கவாத்தா, புது நாற்றா?

நாலைந்து மாதம் கூடை கூடையாகக் கொடுத்த கத்தரி இப்போது சிறுத்த காயாக விடுகிறது. வெட்டித் தழைக்க விடலாம், அதுதான் கவாத்து; பிடுங்கிவிட்டுப் புது நாற்றும் நடலாம்.

நேரக் கணக்கில் கவாத்துதான் முந்தும். வேர் தயாராக இருப்பதால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி பறிக்கலாம். விதையிலிருந்து போனால் நாற்றுக்கே 30–35 நாள், நட்டபின் இன்னும் இரண்டு மாதம்.

ஆனால் வெட்டுமுன் சோதித்துவிடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே செடி வாடித் தொங்கினால், அடித்தண்டில் ஒரு துண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் அடுத்து வேண்டாம். இலை சிறுத்துக் கொத்தாக நின்றால் சிற்றிலை நோய். அதையும் பிடுங்க வேண்டியதுதான்.

தேறிய செடியைத் தரையிலிருந்து 20–30 செ.மீ. உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். தண்டின் நடுவே துளை தெரிந்தால் புழு உள்ளே போயிருக்கிறது. துளை மறையும்வரை இறக்கி வெட்டவும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகு: இலையே இல்லாத செடிக்குப் பழைய அளவில் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடுகிறார்கள். துளிர்க்கும்வரை லேசான ஈரம் போதும். இரண்டு கைப்பிடி மட்கிய தொழு உரம் வைத்து, துளிர்களில் மூன்று நான்கை மட்டும் விடுங்கள்.

வேரில் நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) உண்டாக்கிய முடிச்சு இருந்தால் புது நாற்றுதான், அதுவும் வேறு இடத்தில். தக்காளிக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் வீண், பிடுங்கிவிடுங்கள்.