கப்பியா, டெட்ராவா? திருகோணமலைத் தண்ணீரில் ஓர் இரண்டடித் தொட்டி

மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மீன் எந்த மீனோடு சண்டை பிடிக்காது என்பதைத்தான். சரியான கேள்விதான். ஆனால் திருகோணமலையில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு எவ்வளவு?

எங்கள் வீடு உப்புவெளிப் பக்கம். கிணறு உவர், அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் குடிக்கிறவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மாதம் ஒருமுறை தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைத்துத்தான் கேத்தலில் உள்ள சுண்ணாம்பைக் கழற்றுகிறோம். மச்சாள் இருப்பது டவுனுக்குள். அங்கே குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். கேத்தலில் படிவு பேருக்குத்தான். இருவரிடமும் ஒரே அளவுத் தொட்டி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 56 லீற்றர், மணலும் கல்லும் போட்டுக் கொஞ்சம் குறைத்து ஊற்றினால் 45 லீற்றர் அளவு. ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மீன்களை வாங்கினோம். நியோன் டெட்ரா பத்துப் பத்து, கப்பி ஆறாறு.

நியோனைப் பார்த்தால் யாருக்கும் கை போகும். நீலக் கோடும் சிவப்பு வாலுமாகக் கூட்டமாகத் திரும்பும்போது தொட்டியே திரும்புவது போல இருக்கும். "எந்தத் தண்ணியிலும் இருக்கும்" என்று கடையில் சொன்னார்கள். இருந்தது, நான்கு நாள். ஐந்தாம் நாள் ஒன்று கூட்டத்தை விட்டு மூலையில் நின்றது. இரவில் நியோனின் நிறம் மங்குவது வழக்கம், விடிந்ததும் திரும்பிவிடும். இதற்கு மதியமாகியும் திரும்பவில்லை. பத்தாம் நாள் என்னிடம் இரண்டு மிச்சம். மச்சாளிடம் ஏழு.

காரணம் சண்டையல்ல. நியோன் அமேசன் பக்கத்து ஓடைகளின் மீன். அங்கே தண்ணீர் மென்மையானது, அதாவது சுண்ணாம்பு குறைந்தது, கொஞ்சம் புளிப்புத் தன்மை கொண்டது, 26 பாகைக்கு மேல் அவ்வளவாகப் போகாது. எங்கள் தொட்டியில் கச்சான் வீசும் மாதங்களில் பின்நேரம் வெப்பமானி 31 காட்டும். வெளிநாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் ஹீட்டர் எத்தனை வாட் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே ஹீட்டருக்குக் காசு செலவழிப்பவர் மீன் வறுவலுக்குத்தான் ஆயத்தம் செய்கிறார். சூடு ஏறினால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறையும்: 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் என்றால், 30 பாகையில் 7.5தான். தொட்டி மூடியைத் திறந்து, மேற்பரப்பில் படும்படி மேசை விசிறியைத் திருப்பிவிட்டால் இரண்டு பாகை இறங்கும். மீன் துள்ளி வெளியே விழாமல் மேலே வலை போட்டுவிடுங்கள்.

கப்பிக்கு இந்தக் கவலை குறைவு. சுண்ணாம்பு கூடிய கடினத் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த தண்ணீர். கப்பியின் உறவுக்கார மீனான மொலி அதைவிட ஒரு படி மேலே: உப்புக் கலந்த கழிமுகத் தண்ணீரிலும் வாழும். மென்மையான தண்ணீரில் விட்டால்தான் அதற்கு வருத்தம் வரும். இருந்த இடத்திலேயே நின்று உடம்பை நெளித்து ஆடிக்கொண்டிருக்கும். ஆக, உவர்க் கிணறு வைத்திருப்பவர் மென்தண்ணீர் மீனுக்காக மழைத்தண்ணீர் பிடித்து மல்லுக்கட்டத் தேவையில்லை. கிணறே மொலிக்கு ஏற்றபடி இருக்கிறது. ஒரே குறை, மொலி வளரும். பெண் மொலி பத்து சென்ரிமீற்றரைத் தொடும் என்பதால் 45 லீற்றரில் மூன்றுக்கு மேல் இறுக்கம்.

இந்தக் கூட்டத்தின் உண்மையான தொல்லை பெருக்கம். பெண் கப்பி நான்கு கிழமைக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஆணைப் பிரித்துவிட்டாலும் பலனில்லை, முன்பு சேமித்த விந்திலேயே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும். குஞ்சு கூடிவிட்டால் குளத்தில் விட்டால் போயிற்று என்று நினைக்காதீர்கள். கப்பி நம் ஊர் மீன் இல்லை. குளத்து மீன்களின் இரையில் அது பங்கு கேட்கும். நிறத்துக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் ஆண் மட்டும் ஆறு வாங்குங்கள். வால் விரிப்பதும் வண்ணம் காட்டுவதும் ஆண்தான்.

சரி, குழாய்த் தண்ணீர்க்காரர் டெட்ராதான் வைக்க வேண்டுமா? என் வாக்கு அங்கே செரி பார்புக்கு. ஐந்து சென்ரிமீற்றர் மீன், யாருடைய வாலையும் கடிக்காது. முதிர்ந்த ஆண் செம்பழம் போலச் சிவக்கும். உலகம் முழுக்கத் தொட்டிகளில் நீந்தும் இந்த மீனின் சொந்த ஊர் இலங்கை, அதுவும் களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையான ஈரவலயம். நம் நாட்டு மீன், ஆனால் நம் பக்கத்து மீன் இல்லை. நிழல் விழும் ஓடையில் வாழ்ந்த பழக்கத்தால், செடி இல்லாத வெறும் தொட்டியில் ஒளிந்து ஒளிந்து நிறம் வெளிறிவிடும். மச்சாள் மிதக்கும் செடி கொஞ்சம் போட்டார், ஒரு கிழமையில் மீன் வெளியே வந்தது. டெட்ராவேதான் வேண்டும் என்பவர் கார்டினல் எடுக்கலாம். சிவப்புக் கோடு கண்ணிலிருந்து வால்வரை முழு நீளத்துக்கு ஓடினால் கார்டினல், பின்பாதியில் மட்டும் என்றால் நியோன். கார்டினல் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

டைகர் பார்பையும் ஏஞ்சலையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. டைகர் பார்ப், நீண்ட துடுப்பைக் கண்டால் கடிக்காமல் விடாது. ஏஞ்சலோ ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வந்து உள்ளங்கை அளவுக்கு வளரும், அப்புறம் நியோன் அதற்குத் தீனி. இரண்டடித் தொட்டிக்கு இரண்டுமே வேண்டாம். பைட்டரைக் கப்பியோடு விடுவது சூதாட்டம்: ஆண் கப்பியின் வாலைப் பார்த்து அதை இன்னொரு பைட்டர் என்று நினைத்துப் பாயும். குள்ள கௌராமி ஒன்று மட்டும் குழாய்த் தண்ணீர்த் தொட்டியில் நன்றாக இருக்கும். பைட்டர் போலவே அதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கும், கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் சமாளிக்கும்.

அடித்தளத்துக்குப் பாசி தின்னும் என்று விற்கும் பிளெக்கோவும் வேண்டாம். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடியைத் தாண்டும். அடியில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் நல்ல மீன், ஆனால் உப்பு ஆகாது. அதனால் மச்சாளுக்கு ஆறு, எனக்கு ஒன்றுமில்லை.

எதை எடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். நாங்கள் செய்த பிழையும் அதுதான், மச்சாளின் மூன்று நியோன் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா புதுத் தொட்டியில் ஊறிவர நான்கைந்து கிழமை எடுக்கும். முதலில் இரண்டு மூன்று மீன், மிச்சம் அப்புறம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயின் கீழே பிடித்துக் கழுவாதீர்கள், அதில் ஊறிய பக்ரீரியா போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இப்போது என் தொட்டியில் மூன்று மொலி, ஆறு ஆண் கப்பி. ஆறும் ஆண்தான் என்று கடையில் பொறுக்கித் தந்தார்கள். அதில் ஒன்றுக்கு நேற்றிலிருந்து வயிறு பெருத்து, வாலடியில் கறுப்புப் பொட்டு தெரிகிறது.